பிசிறுக்கு வந்த மவுசு

ஒரே பாடலுக்கு இரண்டு காணொளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஸ்டுடியோவில் பதிவானது. குரல் ஒவ்வொரு சுரத்திலும் கோடு போட்டதுபோல் நிற்கிறது. இன்னொன்றில் அதே பாடகர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறார். கிட்டார் கம்பியில் விரல் நகரும் கீச்சொலி கேட்கிறது. இரண்டாவது சரணத்தில் வரி மறந்து சிரித்துவிடுகிறார், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கிறார். பார்த்தவர்கள் நண்பர்களுக்கு அனுப்புவது இந்த இரண்டாவதைத்தான், அதுவும் "அந்தச் சிரிப்பு வரும் இடத்தைப் பார்" என்று நொடிக்கணக்கோடு. முதல் காணொளியில் அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு நொடியும் இல்லை. எல்லா நொடியும் ஒரே அளவுக்கு நன்றாக இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு, மக்களுக்கு மெருகு சலித்துவிட்டது, ஏனோதானோவென்று எடுத்தால் போதும் என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. அந்த முடிவோடு எடுக்கப்படுபவை பெரும்பாலும் பார்க்கச் சகிக்காதவை. பார்வையாளருக்குத் தேவைப்படுவது, 'இது ஒருமுறைதான் நடந்தது, நடந்தபடியே எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது' என்ற நம்பிக்கை. கீச்சொலி, மறந்த வரி போன்ற பிசிறு அதற்கு ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான். அத்தாட்சியைப் போலியாகவும் தயாரிக்கலாம். அதனால் அதன் மதிப்பு ஏறுவதும் விழுவதுமாக இருக்கிறது.

மெருகு எப்படி மலிந்தது

ஒரு காலத்தில் மெருகே அத்தாட்சி. 35 மி.மீ. படச்சுருள், கிரேன், விளக்குகள், அவற்றைக் கையாளத் தெரிந்த ஒரு படை என்று இத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு காட்சி சீராக வரும். சீராக இருந்தால், பின்னால் பணமும் தேர்ச்சியும் இருக்கிறது என்று பார்ப்பவர் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஊகம் படிப்படியாக உடைந்தது. பாட்டில் உடைத்தது ஆட்டோ-டியூன். எண்ணெய்த் துறைக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் உருவாக்கி, 1997இல் ஆன்டாரஸ் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் அது. சுருதி விலகினால் எவ்வளவு வேகத்தில் இழுத்துப் பொருத்த வேண்டும் என்பதற்கு அதில் ஒரு திருகு உண்டு. அதைப் பூஜ்யத்தில் வைத்தால் குரல் இயந்திரம்போல் படிக்கட்டு இறங்கும். மெதுவாக வைத்தால் திருத்தியதே தெரியாது. அதன் பிறகு, ஒரு பதிவு சுருதி சுத்தமாக இருப்பது பாடகரின் திறமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. படத்துக்கு வண்ணத் திருத்தமும் முகம் மெழுகும் ஃபில்டர்களும் கைபேசிக்கே வந்துவிட்டன. 2022க்குப் பிறகு, ஒரு வரி எழுதினாலே படம் வரைந்துதரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லாருடைய கையிலும். எதை யாரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிட முடியுமோ, அதைப் பார்த்து யாரும் வாய் பிளக்க மாட்டார்கள்.

இது முதல்முறையும் இல்லை. 1950களின் இறுதியில் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி வந்தது. கூடவே எடை குறைந்த 16 மி.மீ. கேமரா. 1960இல் அமெரிக்காவில் ஆவணப்படக்காரர் ராபர்ட் ட்ரூவின் குழு இத்தகைய கருவிகளை எடுத்துக்கொண்டு, அதிபர் வேட்பாளராக முயன்ற கென்னடி, ஹம்ஃப்ரி இருவரின் பிரசாரத்தையும் பின்தொடர்ந்தபோது, கூட்டத்தை இடித்துக்கொண்டு நடக்கும் கேமரா என்ற புதுக் கண் பார்வையாளருக்குக் கிடைத்தது. 1989இல் எம்.டி.வி. மின்கருவிகளைக் குறைத்து 'அன்பிளக்டு' நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1995 மார்ச்சில் டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் டிரியர், படம் எடுப்பதற்கான டாக்மே விதிகளைப் பாரிஸில் அறிவித்தார்: கேமரா கையில்தான் இருக்க வேண்டும், தனி விளக்கு கூடாது, வெளியிலிருந்து பொருள் கொண்டுவரக் கூடாது, ஒலியைத் தனியே சேர்க்கக் கூடாது. அவரோடு சேர்ந்து விதிகளை எழுதிய தாமஸ் வின்டர்பெர்க், தன் முதல் டாக்மே படத்திலேயே ஒரு காட்சிக்காக ஜன்னலை மறைத்ததைப் பின்னர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். மறைத்ததும் ஒருவகை விளக்கமைப்பு என்பதால் அது விதிமீறல். அந்த ஒப்புதல் வாக்குமூலமும் படத்தின் மதிப்பைக் கூட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சங்கதி ஒன்றேதான். கனம் குறைந்த கருவி வருகிறது, புதிய பிசிறு அறிமுகமாகிறது, சில ஆண்டுகளில் விளம்பரக்காரர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு அதுவே ஒரு பாணியாகி நம்பிக்கையை இழக்கிறது. நடுங்கும் கேமரா இன்று எதற்கும் சாட்சி சொல்வதில்லை.

காபி கொட்டிய சோதனை

தவறு செய்பவரை ஏன் பிடிக்கிறது என்பதற்கு உளவியலாளர்கள் அடிக்கடி காட்டும் சோதனை 1966இல் எலியட் ஆரன்சன் குழுவினர் செய்தது. வினாடி வினா ஒன்றில் கலந்துகொள்ள வந்தவரின் ஒலிப்பதிவு என்று சொல்லி மாணவர்களைக் கேட்க வைத்தார்கள். ஒரு பதிவில் பேசுபவர் 92 விழுக்காடு கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறார். இன்னொன்றில் 30 விழுக்காட்டுக்குத்தான். சிலருக்குக் கேட்க வைத்த பதிவின் முடிவில் அவர் காபியைத் தன்மேல் கொட்டிக்கொள்கிறார். கெட்டிக்காரர் கொட்டியபோது அவர்மேல் பிரியம் கூடியது. சுமாரானவர் கொட்டியபோது இருந்த பிரியமும் குறைந்தது.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுபவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். வேலைக்கு ஆவது இரண்டாம் பாதிதான். வரி மறந்த பாடகரின் சிரிப்பு இனிப்பதற்குக் காரணம், அதற்கு முந்தைய 2 நிமிடங்கள் அவர் நன்றாகப் பாடியது. சமையலோ தச்சு வேலையோ செய்துகாட்டுபவர் தடுமாறும்போது ரசிப்பதும், அவர் கைக்கு வேலை தெரியும் என்பது முன்பே நிலைநாட்டப்பட்டிருப்பதால்தான். தேர்ச்சி முதலில், பிசிறு பிறகு. வரிசையை மாற்றினால் மிஞ்சுவது வெறும் சொதப்பல்.

இன்னொரு காரணம் 1956இலேயே எழுதப்பட்டுவிட்டது. தொலைக்காட்சியில் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுபவரை, பார்ப்பவர் தனக்கு அறிமுகமானவர்போல் உணர்கிறார் என்று டொனால்டு ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் விளக்கினார்கள். கைபேசித் திரை அந்த உணர்வை ஒரு கை தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒரு கை தூரத்தில் நின்று பேசுபவர் மேடைக்குரலில் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

காது கண்டுபிடிப்பவை

பார்வையாளர்கள் படத்தொகுப்பின் இலக்கணம் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் வெட்டி ஒட்டியதை அவர்கள் உணர்ந்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 'ஏதோ செயற்கையாக இருக்கிறது' என்பார்கள். அந்த 'ஏதோ'வைப் பிரித்துப் பார்க்கலாம்.

10 மொழிகளில் உரையாடல்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையில் விழும் இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடி அளவில்தான் இருக்கிறது. மொழிக்கு மொழி சற்றே மாறினாலும், எல்லாம் அந்த எல்லையைச் சுற்றித்தான். எடிட்டர் 'தொய்வாக இருக்கிறது' என்று எல்லா இடைவெளிகளையும் சுத்தமாக வெட்டினால், இரண்டு பேர் பேசுவது விசாரணை அறைபோல் ஆகிவிடும். ஒரு கேள்விக்குப் பதில் வர முக்கால் நொடி ஆனால், அந்த முக்கால் நொடியே ஒரு பதில். அதை நீக்கிவிட்டால் பேசியவர் தயங்கியது வரலாற்றிலிருந்தே அழிந்துவிடுகிறது. ஒரு நொடிக்கு மேற்பட்ட மௌனங்களைச் சுருக்கலாம், ஆனால் பாதி நொடியாவது மிச்சம் வைக்க வேண்டும். 'ம்', 'அது வந்து' போன்றவற்றில் மூன்றில் ஒன்றை எடுத்தால் போதும். எல்லாவற்றையும் எடுத்தால் மூச்சும் கூடவே போய்விடும், பேசுபவர் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தோன்றும்.

ரியாலிட்டி நிகழ்ச்சி எடிட்டர்களிடம் 'ஃபிராங்கன்பைட்' என்று ஒரு சொல் உண்டு. வெவ்வேறு சமயங்களில் பேசிய துண்டுகளை ஒட்டி, சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னதாக ஆக்குவது. இதைப் பிடிக்க மூன்று தடயங்கள் போதும். வாக்கியத்தின் நடுவில் படம் பேசுபவரை விட்டு வேறொருவரின் முகத்துக்கோ கைக்கோ போகும், ஏனென்றால் உதடு பொருந்தாது. முடிகிற வாக்கியத்தில் தாழ வேண்டிய குரல் தாழாமல் அந்தரத்தில் நிற்கும், ஏனென்றால் அந்தச் சொல் வேறொரு வாக்கியத்தின் நடுவிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னணி இரைச்சல் ஒரு சொல்லுக்கு மட்டும் நிறம் மாறும். மூன்றாவதை மறைக்கத்தான் அந்த இடத்தில் இசையைக் கொண்டுவந்து போடுவார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இசை எழுந்தால் சற்றுக் காதைக் கூர்மையாக்கிக் கேட்பது நல்லது.

எதைப் பிசிறாக விடலாம், எதை விடக் கூடாது

படம் மங்கலாக இருக்கலாம், சாய்ந்திருக்கலாம். ஒலி கெட்டால் கதை முடிந்தது. 2018இல் எரின் நியூமனும் நார்பெர்ட் ஸ்வார்ஸும் வெளியிட்ட ஆய்வில், ஒரே பேச்சை நல்ல ஒலியிலும் மோசமான ஒலியிலும் கேட்க வைத்தார்கள். மோசமான ஒலியில் கேட்டவர்கள் பேச்சைக் குறைத்து மதிப்பிட்டதோடு, பேசியவரே அவ்வளவு அறிவாளி இல்லை என்றும் கருதினார்கள். பேச்சில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஒலிக்குறையைப் பார்வையாளர் 'இயல்பு' என்று எடுத்துக்கொள்வதில்லை. பேசுபவரின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

ஆகவே பணமும் கவனமும் மைக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். சட்டையில் குத்தும் சிறு மைக் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. கீழே இருக்கட்டும். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபெல் குறையும். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படியே இருக்கும். கைபேசியை 2 மீட்டர் தள்ளி வைத்து அதன் மைக்கிலேயே பதிவுசெய்தால் குளியலறையில் பேசியதுபோல் வருவது இதனால்தான். எழுதிவைக்காத பேச்சில் இன்னோர் ஆபத்து, சிரிப்பு. சாதாரணப் பேச்சைவிடச் சிரிப்பும் கூச்சலும் பல டெசிபெல் எகிறும். கருவியின் அளவுகோலில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு என்பதால், ஒலி உச்சத்தை மைனஸ் 12 டெசிபெல் அருகே நிறுத்தி மேலே இடம் விட்டுவைக்க வேண்டும். கருவியில் வசதி இருந்தால் 10 டெசிபெல் தாழ்வாக இரண்டாவது தடத்தையும் பதிவுசெய்துகொள்ளலாம். வெடித்துப்போன சிரிப்பை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக மீட்க முடியாது. நிகழ்ச்சியின் மிக நல்ல நொடியும் அதுவாகத்தான் இருந்திருக்கும். பதிவு முடிந்ததும் எல்லாரையும் அரை நிமிடம் வாய் மூடி உட்காரச் சொல்லி அறையின் சும்மா ஒலியையும் எடுத்துவைத்துக்கொண்டால், வெட்டிய இடங்களில் நிரப்ப உதவும்.

இரைச்சல் நீக்கியை முழு வீச்சில் திருப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 6 முதல் 10 டெசிபெல் வரை குறைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதே மேல். அதற்கு மேல் போனால் சொற்களின் ஓரம் அரிக்கப்பட்டு, குரல் தகரடப்பாவில் அடைபட்டுவிடும். விசிறிச் சத்தம் கொஞ்சம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அது அந்த அறை உண்மை என்பதற்குச் சாட்சி.

படத்தில் சரிசெய்தே ஆக வேண்டியவை சில. கைபேசியின் தானியங்கி வெளிச்சம், யாராவது ஜன்னல் பக்கம் நகர்ந்ததும் படத்தை இருட்டாக்கி மறுபடி வெளுக்கும். பார்ப்பவருக்கு அப்போது மனிதர் மறைந்து கைபேசிதான் தெரியும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் விளக்குகள் துடிப்பது நிற்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120.

நீண்ட பதிவுகளைக் கெடுக்கும் ஒரு மறைமுகப் பகை உண்டு. கைபேசிகள் பல, வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃபிரேம் என்பதைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். தனி மைக்கில் எடுத்த ஒலியை அதோடு சேர்த்தால் தொடக்கத்தில் உதடு பொருந்தும், அரைமணி நேரம் கழித்து விலகிவிடும். ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் 125 மில்லி நொடி வரை தெரிவதில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் கணக்கு. தூரத்தில் நடப்பதன் ஒலி எப்போதும் பிந்தித்தானே வருகிறது, நம் மூளை அதற்குப் பழகிவிட்டது. எடிட்டிங்குக்கு முன் கோப்பை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி வராது.

பேசுபவரிடம் 'அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்பது பெரிய தவறு. இரண்டாம் முறை அவர் நினைவுகூர்வது சம்பவத்தை இல்லை, தான் சொன்ன வாக்கியத்தை. கேள்வியை மாற்றி வேறு பக்கத்திலிருந்து கேட்டால் சம்பவத்துக்கே திரும்பிப் போவார். எழுதிக்கொடுத்ததைப் படிக்கவைத்தால் கண் இடமும் வலமுமாக ஓடும். நான்கைந்து சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கேமராவுக்குக் கீழே ஒட்டினால் போதும். பதிவு முடிந்தது என்று சொன்ன பிறகும் கேமரா ஐந்து நிமிடம் ஓடட்டும், அவர் அறிந்தே. தோள் இறங்கிய பிறகு வரும் பேச்சுக்குத் தனி ருசி. அறியாமல் எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

மேசைக்குப் பின்னால் ஒரு கச்சேரி

பிசிறுக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதற்கு அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆரின் 'டைனி டெஸ்க்' நல்ல உதாரணம். 2008இல் ஆஸ்டின் நகர இசை விழா ஒன்றில், கூட்டத்தின் இரைச்சலில் லாரா கிப்சன் பாடுவது காதிலேயே விழவில்லை. பேசாமல் அலுவலக மேசையிலேயே வந்து பாடலாம் என்று என்.பி.ஆர். ஊழியர்களிடையே வேடிக்கையாகத் தொடங்கிய பேச்சு, அந்த ஏப்ரலில் அவர்களில் ஒருவரான பாப் பாய்லனின் மேசையில் நிஜமாகவே நடந்தது.

பார்க்க எளிமை. உள்ளே நுழைந்தால் கடுமை. பாடகரின் குரலைப் பெருக்கி அறைக்குள் ஒலிபரப்பும் ஸ்பீக்கர் கிடையாது. தன் குரலைத் தனக்கே கேட்கவைக்கும் மானிட்டரும் கிடையாது. ஆக, அந்த அறையில் மிகச் சன்னமான ஒலி பாடகரின் தொண்டைதான். மற்ற எல்லாரும் அதற்குக் கீழே வாசிக்க வேண்டும். மேளக்காரர் குச்சியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுக்கிறார், பித்தளைக் கருவிகள் தள்ளி நிற்கின்றன, பாடலின் சுருதியே சிலசமயம் இறக்கப்படுகிறது. குரலை மறைக்க எதிரொலி இல்லை, கூட்டத்தின் ஆரவாரம் இல்லை. பத்தாயிரம் பேர் அரங்கில் தப்பித்துவிடும் பாடகர் இங்கே தப்ப முடியாது. கேட்பவருக்குக் கிடைக்கும் 'இயல்பு', ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு எல்லாரையும் மறுபடி ஒத்திகை பார்க்கவைத்ததால் பிறந்தது.

தொடரிலும் இதே நிலைமைதான். 2025இல் வந்த 'அடோலசன்ஸ்' தொடரின் நான்கு பகுதிகளும் ஒவ்வொன்றும் ஒரே ஷாட். வெட்டு இல்லாததால் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். வெட்ட முடியாது என்றால் யார் எந்த அடியில் எங்கே நிற்க வேண்டும், கேமரா எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாற வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துப் பலமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். பச்சையாகத் தெரிவதற்குத்தான் அதிகத் திட்டம் தேவைப்படுகிறது.

போலிப் பிசிறு

ஏமாற்றும் பழையதுதான். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ட்வென்ட்டி ஒன்' வினாடி வினாவில் போட்டியாளர்களுக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டன. அதோடு, எங்கே தயங்க வேண்டும், நெற்றி வியர்வையை எப்படி ஒற்றியெடுக்க வேண்டும் என்பதும் சொல்லித்தரப்பட்டது. தவிப்பும் தயாரிப்பின் பகுதி. 1959இல் அதன் புகழ்பெற்ற போட்டியாளர் சார்ல்ஸ் வான் டோரன் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே இத்தகைய மோசடியைக் குற்றமாக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. 2006இல் யூடியூபில் 'லோன்லிகேர்ள்15' என்ற பெயரில் படுக்கையறையிலிருந்து பேசிய பதின்வயதுப் பெண், எழுதிவைத்ததைப் பேசும் நடிகை என்று சில மாதங்களில் தெரியவந்தது. கதையாக முன்வைத்திருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள்.

இன்றைய விளம்பரங்களில் போலியைப் பிடிப்பது எளிது. மென்பொருளால் சேர்த்த நடுக்கத்தில் படம் முழுக்க ஒரே தகடுபோல் அசையும். உண்மையான கை அசைந்தால் அருகில் இருப்பது அதிகமாகவும் தொலைவில் இருப்பது குறைவாகவும் நகர வேண்டும். கையில் பிடித்த கேமரா என்றால் கைப்பிடியின் உரசலும் காலடியும் எங்காவது கேட்க வேண்டும். போலியில் ஒலி மட்டும் பளிங்குபோல் இருக்கும். 'சும்மா எடுத்த' காணொளியில் பொருளின் பெயர் எப்போதும் கேமரா பக்கமே திரும்பியிருப்பதும் அப்படித்தான்.

கட்டாயப்படுத்தினால் நேர்மை வந்துவிடுமா என்பதற்கும் ஒரு சோதனை நடந்தாயிற்று. 2020இல் பிரான்ஸில் தொடங்கிய பிரியல் செயலி, எதிர்பாராத ஒரு நேரத்தில் அறிவிப்பு அனுப்பி, 2 நிமிடத்துக்குள் முன் கேமராவிலும் பின் கேமராவிலும் படம் எடுக்கச் சொன்னது. பலர் செய்தது என்ன? அறிவிப்பைக் கண்டும் காணாமல் விட்டு, மாலையில் நண்பர்களோடு அழகான இடத்துக்குப் போன பிறகு எடுத்தார்கள். தாமதம் படத்தின் மேலேயே எழுதப்பட்டுவிடும் என்பதும் அவர்களைத் தடுக்கவில்லை.

மெருகுக்கு இடமே இல்லை என்றும் ஆகிவிடவில்லை. அசைவூட்டப் படத்திலும் விண்வெளிப் போரிலும் யாரும் பிசிறைக் கேட்பதில்லை. அங்கே எல்லாமே உருவாக்கப்பட்டது என்ற ஒப்பந்தத்தோடுதான் உட்காருகிறோம். 'நானே, என் வாழ்க்கையே' என்று சொல்லும் வடிவங்களில்தான் இந்தக் கணக்கு செல்லும். அங்கே இதற்கு விலை கொடுப்பவர் படைப்பவர். அழுகையும் சண்டையும் நன்றாகப் போனதென்றால் அடுத்த வாரமும் அவை எதிர்பார்க்கப்படும்.

இனி மூச்சும் திக்கலும் அத்தாட்சியாக நிற்காது. 2024 செப்டம்பரில் கூகுளின் நோட்புக்எல்எம் கருவி, கொடுத்த ஆவணத்தை இரண்டு செயற்கைக் குரல்கள் பேசி விவாதிக்கும் ஒலிப்பதிவாக மாற்றத் தொடங்கியது. அக்குரல்கள் 'ம்' போடுகின்றன, குறுக்கே பேசுகின்றன, சிரிக்கின்றன. ஆகவே பார்வையாளர் தேடும் அத்தாட்சி, பதிவின் மேற்பரப்பிலிருந்து பதிலுக்கு இடம் மாறுகிறது. நான் இப்போது கேட்டதை இப்போது செய்கிறாரா? நேரலை தாக்குப்பிடிப்பது இதனால்தான். அதன் தொழில்நுட்பமோ இதற்கு எதிராக நிற்கிறது. பரவலாக உள்ள எச்.எல்.எஸ். முறையில் காணொளி 6 நொடித் துண்டுகளாக அனுப்பப்படுகிறது, பார்க்கும் கருவி மூன்று துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. ஆக 18 நொடிக்குக் குறையாத பின்தங்கல். தாமதம் குறைந்த முறைக்கு மாற்றி, கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளியை 2 நொடியில் வைத்து, நொடிக்கு 6,000 கிலோபிட் அனுப்ப அதைப்போல் இருமடங்கு பதிவேற்ற வேகம் உள்ள கம்பி இணைப்பைப் பயன்படுத்தினால் 3 முதல் 5 நொடிக்குக் கொண்டுவரலாம். 5 நொடியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியும், கேட்டவர் பெயரைச் சொல்லிச் சீண்ட முடியும். 18 நொடி என்றால், நகைச்சுவைக் கலைஞருக்குச் சிரிப்பு வந்து சேரும்போது அவர் அடுத்த துணுக்கின் நடுவில், அம்மா இறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.